ரீமேப் செய்யலாமா? வாகன வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2017-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. இதுவரை 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டு கோன் வகை ஏர் ஃபில்டர் போட்டேன். அண்மையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப்பும் (என்ஜினிலிருந்து புகையை இறக்கும் குழாய்) அதற்கேற்ற சைலன்சரும் மாட்டினேன். அதிலிருந்து செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) பெட்ரோல் வாடை அடிக்கிறது. மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. “பாகங்களை மாற்றிவிட்டு ஈசியுவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அப்படியே விட்டால் இப்படித்தான் இருக்கும்; ஸ்டேஜ் 2 ரீமேப் (டவுன்பைப் போன்ற பாகங்களும் மாறிய வண்டிக்கு ஈசியுவின் மென்பொருளை மாற்றி எழுதுவது) போட்டால் விளக்கும் அணைந்துவிடும், டார்க் (என்ஜினின் சுழற்று விசை) 230 நியூட்டன் மீட்டர் வரை ஏறும்” என்கிறார் கடைக்காரர். ஸ்கேனரில் எடுத்த தாளை இணைத்துள்ளேன். ரீமேப் செய்யலாமா?
– வாசகர், சிங்காநல்லூர், கோவை

பதில்: இப்போதைக்குச் செய்ய வேண்டாம். உங்கள் வண்டியில் இன்று இருப்பது பழுது. அதை ரீமேப் தீர்க்காது. நீங்கள் அனுப்பிய தாளிலேயே அதற்கான தடயம் இருக்கிறது.

அந்தத் தாளில் லாங் டெர்ம் ஃபியூவல் டிரிம் என்ற வரியைப் பாருங்கள். ஐடிலில் கூட்டல் 14 விழுக்காடு என்றும், 3,000 ஆர்பிஎம்மில் கூட்டல் 3 விழுக்காடு என்றும் இருக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் அதிகமாக இருப்பதாக முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை நம்பி, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று ஈசியு முடிவுகட்டி, ஐடிலில் தன் கணக்குக்கு மேல் 14 விழுக்காடு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது என்பது இதன் பொருள். அந்த ஆக்ஸிஜன் உண்மையில் என்ஜினுக்குள்ளிருந்து வந்திருந்தால் உங்களுக்குப் பெட்ரோல் வாடை வரக் காரணமில்லை. டர்போவும் (புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் கருவி) டவுன்பைப்பும் சேரும் இணைப்பில் கசிவு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஐடிலில் புகை விட்டுவிட்டுத் துடிப்பாக வெளியேறும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குழாயில் அழுத்தம் சற்றுக் குறையும் கணத்தில் வெளிக்காற்று அந்த இடுக்கு வழியே உள்ளே இழுக்கப்பட்டு, சென்சாரை ஏமாற்றுகிறது. ஆர்பிஎம் ஏறியதும் புகையின் வேகமும் அழுத்தமும் கூடிவிடுவதால் வெளிக்காற்று நுழைய இடமில்லாமல் போகிறது. எண் 14-லிருந்து 3-க்கு இறங்குவது அதனால்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காலையில் குளிர்ந்த என்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் பானட்டைத் திறந்து, டர்போ இருக்கும் பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று சீரான ஓசை கேட்டு, இரும்பு சூடேறி விரிந்ததும் அது மெல்ல அடங்குமானால் கசிவு அங்கேதான். என்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபிளாஞ்ச் (குழாய்கள் சேரும் தட்டையான முகப்பு) விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருப்பதும் தெரியும். இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் பழைய காஸ்கெட்டையே திரும்பப் போட்டு மாட்டும் இடங்களில் இது வழக்கமாக நடப்பது. புதிய காஸ்கெட், புதிய நட்டுகள், டார்க் ரெஞ்ச் வைத்து முறையான இறுக்கம்: இவ்வளவுதான் வேலை.

மூன்றாம் கியர் தயக்கத்துக்கும் தாளில் குறிப்பு இருக்கிறது. இரண்டாம் சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் (கலவை சரியாக எரியாமல் போவது) எண்ணிக்கை ஏறியிருக்கிறது. டர்போ அழுத்தம் கூடும்போது, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும், அதற்கு வோல்டேஜ் தரும் தளர்ந்த காயிலும் முதலில் தோற்பது அந்த இடத்தில்தான். இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஃபயரும் கூடவே இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் பிளக். இரண்டும் நன்றாக இருந்தால், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இவ்வகை என்ஜின்களில் இன்டேக் வால்வுகளின் முதுகில் கரி படியும் என்பதால், அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, விளக்கை எரியவைக்கும் பி0420 என்ற குறியீடு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்பது இதன் பொருள். கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டதால் ஈசியு சொல்வது முற்றிலும் உண்மை. ‘விளக்கு அணைந்துவிடும்’ என்று கடைக்காரர் சொல்வது, பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரின் புகாரைக் கேட்கவே வேண்டாம் என்று ஈசியுவின் வாயை அடைப்பதைத்தான். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். குறியீடுகளை மறைக்கும் வழக்கம் பி0420-உடன் நின்றுவிடுவதில்லை. மிஸ்ஃபயர், அதிகப்படியான டர்போ அழுத்தம் போன்ற எச்சரிக்கைகளும் ‘தொந்தரவு’ என்ற பெயரில் அதே கையோடு அணைக்கப்பட்டு, பிஸ்டன் உருகும்வரை வண்டிக்காரருக்கு எதுவும் தெரியாமல் போன என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, பழுதுகள் எல்லாம் நீங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாகங்களை மாற்றினால் ரீமேப் கட்டாயமா என்பது, எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏர் ஃபில்டரும் பின்பக்கச் சைலன்சரும் மட்டும் மாறியிருந்தால், தொழிற்சாலை மேப்பே (ஈசியுவில் முதலில் எழுதப்பட்ட கணக்கு) தன் திருத்த எல்லைக்குள் அதைச் சமாளித்துக்கொள்ளும். அங்கே ரீமேப் உங்கள் விருப்பம் மட்டுமே. இன்ஜெக்டர், டர்போ, காற்றின் அளவையோ அழுத்தத்தையோ அளக்கும் சென்சார், அல்லது அந்தச் சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறியிருந்தால் ஈசியுவின் கணக்கே பொய்யாகிவிடும். அப்போது ரீமேப் கட்டாயம், அது முடியும்வரை வண்டியை விரட்டி ஓட்டக் கூடாது. டவுன்பைப் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. புகை தடையின்றி வெளியேறுவதால் டர்போ முன்னதாகவே சுழன்று எழும். ஆனால் ஈசியு தான் கேட்ட அழுத்தத்தை எட்டியதும், புகையை டர்போவைச் சுற்றி விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறந்துவிடுவதால் பெரிய பலன் கிடைக்காது. சில சமயம் அழுத்தம் குறியைத் தாண்டிப் போய், பாதுகாப்புக்காக வண்டி லிம்ப் மோடில் (திறனைக் குறைத்து ஓடும் நிலை) விழும். உங்கள் தாளில் அதற்கான குறியீடு இல்லை. எனவே கடைக்காரர் சொல்லும் ‘இப்படித்தான் இருக்கும்’ என்ற விளக்கம் உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை.

என்ஜினைவிட கியர்பாக்ஸைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து 105 பிஎஸ் திறனோடும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கோடும் வந்தது. அதிலுள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி (தானியங்கி கியர்பாக்ஸ்), டிக்யூ200 என்ற வகை. இரண்டு உலர் கிளட்சுகள் கொண்டது. அதன் வடிவமைப்பு எல்லை 250 நியூட்டன் மீட்டர். கடைக்காரர் சொல்லும் 230-ஐ எட்டினால், இன்று உள்ள 75 நியூட்டன் மீட்டர் இடைவெளி 20 ஆகச் சுருங்கிவிடும். எண்ணெயில் நனைந்து குளிரும் ஈரக் கிளட்சு என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உலர் கிளட்சுக்கு அந்த வசதி இல்லை. அவிநாசி சாலையின் சிக்னல் நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறிய தகடுகளிடம், வழி கிடைத்ததும் முழு டார்க்கைக் கேட்பீர்கள். வெறும் எல்லை எண்ணை வைத்து ‘250 வரை தாங்கும்’ என்று சொல்பவர்கள் இந்தச் சூட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. என்ஜின் எவ்வளவு டார்க் தருகிறது என்பதை ஈசியுதான் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று அது தீர்மானிக்கிறது. அவசரமாக எழுதப்பட்ட ரீமேப்பில், உண்மையான டார்க் 230 ஆக இருக்க, அனுப்பப்படும் எண் பழைய 175-ஐ ஒட்டியே நின்றுவிடுவதுண்டு. கியர்பாக்ஸ் அதற்கேற்றவாறு இளக்கமாகப் பிடிக்க, கிளட்சு வழுக்கித் தேயும். சென்சார் கம்பியில் இடையே மாட்டும் பிக்கிபேக் பெட்டிகளில் இந்தக் குறை இன்னும் பெரிது, ஏனெனில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈசியுவையே ஏமாற்றித்தான் அவை வேலை செய்கின்றன. ‘ரீமேப்பைவிடப் பெட்டி பாதுகாப்பானது, கழற்றிவிடலாம்’ என்ற பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

நீங்கள் கோவையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். டியூனர்கள் (ரீமேப் செய்பவர்கள்) காட்டும் டைனோ (நின்ற இடத்திலேயே திறனை அளக்கும் கருவி) ஓட்டம் சில விநாடிகளே நீடிப்பது. முன்னால் பெரிய மின்விசிறியும் சுழலும். நீங்களோ வார இறுதியில் மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறுவீர்கள். அங்கே வேகம் குறைவு, பாரம் அதிகம், ரேடியேட்டர்மேல் படும் காற்று சொற்பம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால், கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். தொழிற்சாலை மேப் இதையெல்லாம் கணக்கிட்டுத் தன்னைத் தானே தணித்துக்கொள்கிறது. ரீமேப் செய்தாலும் அந்தத் தணிப்புகள் அப்படியே இருக்க வேண்டும். அவற்றை நீக்கித்தான் கூடுதல் குதிரைத்திறன் காட்டப்படுகிறதா என்று டியூனரிடம் நேராகக் கேளுங்கள். சின்ன டர்போ பெட்ரோல் என்ஜினில் 1,500 ஆர்பிஎம் அளவிலேயே டார்க்கை அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும். இதைத் தடுக்கும் தன்மை 2018-இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் வந்த எஸ்பி தர ஆயில்களில் உண்டு. எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு மேப் எழுதப்படுகிறதோ, அதைவிடக் குறைந்ததை ஒருநாளும் ஊற்றக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து தயாரிப்பாளர் கொடுத்த வண்டி மாறுபடும்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. கன்வெர்ட்டரை நீக்கியதும், ஒலி எல்லையை மீறும் சைலன்சரும் தெருவில் ஓடும் வண்டிக்கு நியாயப்படுத்த முடியாதவை. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஒப்புதல் பெறுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக் கோரிக்கையை மறுக்க அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

ஆகவே, நான் சொல்லும் வரிசை இது. கன்வெர்ட்டருடன் கூடிய பழைய டவுன்பைப்பைப் புதிய காஸ்கெட்டோடு திரும்ப மாட்டுங்கள். பிளக், காயில் பாருங்கள். குறியீடுகளை அழித்துவிட்டு ஓரிரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். ஃபியூவல் டிரிம் கூட்டலிலோ கழித்தலிலோ 5 விழுக்காட்டுக்குள் நின்றால், செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய பாதையில், மூன்றாம் கியரில் 2,000 முதல் 5,500 ஆர்பிஎம் வரை ஒரு லாக் (ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டிப் போகின்றனவா, நாக்கிங்குக்காக (கலவை தாறுமாறாக வெடிப்பதைத் தடுக்க) ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, இன்டேக் காற்றின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டர் இப்போதே 4, 5 டிகிரி பின்வாங்கினால், கூடுதலாகக் கேட்க அந்த என்ஜினில் இடமில்லை. லாக் சுத்தமாக இருந்து, ஆசையும் குறையாமல் இருந்தால், டவுன்பைப் மாற்றம் தேவைப்படாத மிதமான ஸ்டேஜ் 1 மேப்பை, டார்க் 210-ஐத் தாண்டாதபடி எழுதித் தரச் சொல்லுங்கள். இருபது நியூட்டன் மீட்டரை விட்டுக்கொடுப்பது ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. கிளட்சுக்கு அது நன்றாகத் தெரியும். மூல ஃபைலின் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் எடுத்த லாக்கைக் காட்ட மறுக்கும் டியூனரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. அலுவலகத்துக்குத் தினமும் ஆறு கி.மீ. மட்டுமே ஓட்டுகிறேன். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வருகிறது. டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்துவிட்டு ரீமேப்பில் ‘ஆஃப்’ செய்தால் மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?
– வாசகர், தாம்பரம்

பதில்: சரியல்ல. டிபிஎஃப் என்பது கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; ஆறு கி.மீ. ஓட்டத்தில் அந்த வெப்பம் வந்து நிலைப்பதற்குள் நீங்கள் என்ஜினை அணைத்துவிடுகிறீர்கள். விளக்கு வந்ததும், கையேடு சொல்லும் முறைப்படி, ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை சீரான வேகத்தில் 20 நிமிடமாவது நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாதியில் நின்றுபோன சுத்திகரிப்புகளின்போது எரியாத டீசல் ஆயிலில் கலந்துவிடும். அப்படிக் கலந்திருந்தால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். சாம்பல் குறைந்த, கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்றுங்கள், ஏனெனில் கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கும். குடைந்து எடுத்த வண்டி கக்கும் நுண்துகள், சாலையோரம் நடந்து போகும் பள்ளிக் குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான் போகிறது. உங்கள் ஒரு லிட்டர் டீசல் மிச்சத்துக்காக அதைச் செய்ய எந்த நியாயமும் இல்லை. தினமும் ஆறு கி.மீ. மட்டுமே ஓட்டுபவருக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தம் என்பதை அடுத்த முறை வாங்கும்போது மனதில் கொள்ளுங்கள்.

கேள்வி: டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். ரீமேப்பில் பிக்கப் கூடுமா? ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கும் வசதியும் உண்டாமே?
– வாசகர், மதுரை

பதில்: டர்போ இல்லாத என்ஜினில் காற்றைக் கூடுதலாகத் திணிக்க வழியில்லாததால் கிடைக்கும் திறன் சொற்பம். ஆக்ஸிலரேட்டரின் உணர்வு கூர்மையாவதைத்தான் பலர் பிக்கப் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல டயர் போடுங்கள். வெடிச்சத்தம் என்பது இக்னிஷனைத் தாமதப்படுத்தி, எரிய வேண்டிய பெட்ரோலைப் புகைக்குழாயில் எரிய விடுவது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டில் உருகிவிடும். கண்டிப்பாக வேண்டாம்.

கேள்வி: பழைய டர்போ கார் ஒன்றை வாங்கப் போகிறேன். முன்பு ரீமேப் செய்யப்பட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஓரளவு முடியும். ஈசியுவில் உள்ள மென்பொருளின் கேலிபரேஷன் எண்ணையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் ஓபிடி ஸ்கேனரில் படிக்கலாம். அதே மாடல், அதே ஆண்டு வண்டியின் எண்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிய வாய்ப்புண்டு. ஆனால் தேர்ந்த டியூனர் அந்த எண்களை மாற்றாமலே எழுதிவிட முடியும் என்பதால், எண் ஒத்துப்போனால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். பல ஈசியுக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையையும் வைத்திருக்கும். அதை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பார்க்கச் சொல்லலாம். சாவியைத் திருப்பியதும் செக் என்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்பதையும் கவனியுங்கள். விளக்கு எரியவே இல்லையென்றால், பல்பு போயிருக்கலாம் அல்லது யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்கலாம். காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.